மைக்கில் சொன்ன போலந்துக் கதை

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் சின்னத் திரையரங்கு நடத்துகிற கவிதா, அவர்களுடைய ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டு ரொம்ப நாளாயிற்று. "ஆபரேட்டர் வேலை பாத்தவங்க யாரும் எழுதித் தந்ததே இல்ல அண்ணாச்சி" என்றாள். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போன மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பேன். அப்போது எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது எதை முதலில் சொல்ல, எதை நம்பிச் சொல்ல என்றே பிடிபடவில்லை. கொடுத்த வாக்குக்காக எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்தால் என்னை வையாதீர்கள், நானே குழம்பித்தான் கிடக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தேன். ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டர் ஒன்றின் மெஷினில் ஒரு பல்சக்கரம் உடைந்து எங்கள் பட்டறைக்கு வந்தது. கடைந்து கொண்டுபோய் மாட்டினேன். மாட்டியவன் அங்கேயே தங்கிவிட்டேன். உதவி ஆபரேட்டர், அப்புறம் பரீட்சை, லைசென்ஸ், அப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே கேபின்தான். அந்தக் காலம் போச்சே என்று அழுகிற ஆள் நானில்லை. மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் புகையைத் தின்று இருமினவனுக்கல்லவா அதன் அருமை தெரியும்! கவிதா லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறாள். நல்லா இருக்கட்டும்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய ஆபரேட்டர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஒல்லியான ஆள், கல்யாணம் ஆகாதவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். யாரையும் சத்தம்போட்டுத் திட்டமாட்டார். தப்புச் செய்தால் தொண்டையை ஒரு தரம் கனைப்பார், அவ்வளவுதான். அந்தக் கனைப்புக்கு நான் பயந்த பயம் எங்கப்பாவின் கம்புக்குக்கூட பயந்ததில்லை. படப்பெட்டி வந்ததும் ஒவ்வொரு பிலிம் சுருளையும் கையாலேயே சுற்றிப் பார்ப்பார். பழைய வேட்டித் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அதன் ஊடே பிலிமின் ஓரத்தை ஓட விடுவார். கிழிந்த ஓட்டை வந்தால் விரல் நின்றுவிடும். கண்ணால் பார்க்கவே மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், விரல் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருக்கும்.

எங்களிடம் மெஷின் இரண்டு. ஒரு சுருள் தீருகிற நேரத்தில் அடுத்த மெஷினில் அடுத்த சுருள் தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வந்து மறையும். அப்போது மோட்டாரைப் போடவேண்டும். மறுபடி ஒரு புள்ளி வரும். அப்போது மாற்ற வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு, திரை வெள்ளையாகும், கீழே விசில் பறக்கும். நான் சேர்ந்த புதிதில் கதையில் லயித்துப்போய் ஒரு தரம் புள்ளியைக் கோட்டைவிட்டேன். அண்ணாச்சி வழக்கம்போல் கனைத்தார். அப்புறம் பக்கத்தில் வந்து சொன்னார்.

"படத்தைப் பாக்காத வே. மூலையைப் பாரு. படம் பாக்கதுக்குக் கீழ ஆளு இருக்கு."

அன்றிலிருந்து நான் மூலையைப் பார்த்தேன். எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறேன், ஒன்றுக்கும் முழுக்கதை தெரியாது. என் வீட்டுக்காரி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை ஒரு திரைப்படச் சங்கத்துக்கு முதலாளி விட்டுக்கொடுத்திருந்தார். கல்லூரி ஆசிரியர்கள், பேங்க் ஆட்கள், டாக்டர்கள் கொஞ்சப் பேர், மாணவர்கள். டெல்லியிலிருந்து வெளிநாட்டுப் படங்கள் பெட்டி பெட்டியாக ஊர் ஊராகச் சுற்றும். ஒரு வருசம் முழுக்கப் போலந்து படம். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாத்திலும் பனி, எல்லாத்திலும் எவனாவது மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து போவான்.

அதில் முதல் படத்துக்குச் சங்கத்தார் ஒட்டிய போஸ்டரில் ஒரு பெண் தோள் தெரிய நின்றாள். அந்தக் காலத்தில் காலைக் காட்சி என்றால் சனங்கள் மனசில் வேறு அர்த்தம் என்பது படித்தவர்களுக்குத் தெரியவில்லை போலும். சாத்தான்குளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு கூட்டமே வந்துவிட்டது. இவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, திரையில் வந்தது நிலக்கரிச் சுரங்கம். இடைவேளைக்குள் இரண்டு நாற்காலி உடைந்தது. "கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தோம், தோண்டிக்கிட்டே இருக்கான். என்னதான் நடக்குன்னாவது சொல்லுங்கய்யா" என்று ஒருவர் சங்கச் செயலாளரின் சட்டையைப் பிடித்துக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பிரிண்டில் அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்துகூட கிடையாது. சங்கத்தாருக்கும்தான் பாதி புரியவில்லை, வெளியே சொல்லவில்லை.

அதிலிருந்து ஏற்பட்டதுதான் மைக். டெல்லியிலிருந்து ஆங்கிலத்தில் கதைச் சுருக்கம் வரும். செயலாளர் அதைப் படித்துவிட்டு, கேபினில் நின்று, படம் ஓட ஓட மைக்கில் தமிழில் சொல்வார். அவர் தமிழ்ப் பேராசிரியர். போலந்துச் சுரங்கத் தொழிலாளி "ஐயகோ, இனி யான் என் செய்வேன்" என்றதும் பின்வரிசை மாணவர்கள் உருண்டு சிரித்தார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே மைக்கை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி முன்னே ஜீப்பில் மைக் கட்டிப் படம் அறிவிக்கப் போன ஆள், கணீரென்ற குரல். சனிக்கிழமை மத்தியானம் செயலாளரும் அவரும் படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள், செயலாளர் கதையைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி தன் பேச்சில் சொல்வார். போலந்துப் பட்டாளத்தான் "ஏட்டி, கதவைத் திற, குளிரு கொல்லுது" என்பான். கூட்டம் சொக்கிப்போகும். மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் சனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

இனி என் அக்காவைச் சொல்ல வேண்டும். பேச்சியம்மாள். அதே தியேட்டரில் பெண்கள் பக்கம் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை அவளுக்கு. அத்தானாக வந்தவர் கல்யாணமான மறுவருசம் பம்பாய்க்குப் போனார். ஒரு தீபாவளிக்கு வந்தார், அப்புறம் தகவலே இல்லை. தாராவியில் வேறு குடும்பம் என்றார்கள் சிலர், ரயிலில் அடிபட்டுச் செத்தார் என்றார்கள் சிலர். போய்த் தேடியும் பார்த்தோம், உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஆட்களில் பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்கிற வழக்கம் உண்டு, தப்பில்லை. ஆனால் எங்கம்மா, வருவான் வருவான் என்று சொல்லியே அக்காவைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். அக்காவும் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தேய்த்துத் தாலியைக் கழுவிக்கொண்டு, ஏழெட்டு வருசத்தை ஓட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் 'கேட் படம்' வந்தது. அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிற ஒரு பெண்ணின் கதை. புருசன் சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். புருசனோடு கைதி முகாமில் கிடந்த ஒருவன் தேடிக்கொண்டு வருகிறான். கூரையைச் சரிபார்க்கிறான், விறகு வெட்டிப் போடுகிறான், அவள்மேல் ஆசையும் படுகிறான், புருசனைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். கடைசியில் அவள் கேட்டேவிடுகிறாள்.

சனிக்கிழமை செயலாளர் வந்து கதை சொன்னபோது நான் இல்லை. போன வாரத்துப் பெட்டியை அனுப்ப ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குப் போயிருந்தேன். சொல்லிவிட்டு அவர் அன்றைக்கே விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கேபினில் அண்ணாச்சியும் நானும்தான். நான் மெஷின் பக்கம், அவர் சின்னச் சன்னல் பக்கம் மைக்கோடு. சன்னல் வழியாகப் பார்த்தால் பெண்கள் பக்கத்து வாசல் நேரே தெரியும். அக்கா வழக்கம்போல் அந்த வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி வந்தது. திரையில் அந்த ஆள் வாயசைத்துக்கொண்டிருக்கிறான், மைக்கில் சத்தமில்லை. ஒரு கனைப்பு கேட்டது. நான் என்னமோ தப்புச் செய்துவிட்டேன் என்று மெஷினைப் பார்த்தேன். அப்புறம் சொன்னார்.

"செத்துட்டாரும்மா. என் கையாலதான் மண்ணு போட்டேன். இனிமே வெளக்கைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்காத."

அதற்கப்புறம் கடைசிச் சுருள் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்கை அணைத்துவிட்டார். கதை முடிந்துவிட்டது, இனிச் சொல்ல ஒன்றுமில்லை போல என்று நினைத்தேன். நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் விட்டதும் சங்கத்தார் வெளியே நின்று, முடிவு ஒன்றும் விளங்கவில்லை, அதுதான் ஐரோப்பியப் படத்தின் மேன்மை என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே அக்கா குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கித் தாலியைக் கழற்றிவிட்டு வந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா ஒரே பேச்சுத்தான், "போதும்மா" என்றாள். ஆறேழு மாதம் கழித்து அண்ணாச்சி தன் மதினியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். நல்லபடியாக வாழ்ந்தார்கள். ஒரு மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். அண்ணாச்சி அத்தானாகிவிட்டதில் எனக்குப் பெருமைதான். போன வருசம் ஆனி மாதம் அத்தான் தவறிப்போனார்.

ஒரு படம் என் அக்காவின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது என்பதை நான் சொல்லாத இடமில்லை. சினிமாவால் என்ன பிரயோசனம் என்று எவனாவது கேட்டால் போதும், இந்தக் கதையை எடுத்துவிடுவேன். கவிதாவிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்! அவள் அந்தப் படத்தை எங்கெங்கோ தேடி, புதிதாகச் சுத்தம் செய்த பிரதியைப் பிடித்து, ஆள்வைத்துத் தமிழ் எழுத்தும் போட்டு, பழைய போலந்துப் படங்கள் திரையிடுகிற வரிசையில் சேர்த்துவிட்டாள். "அக்காதான் சிறப்பு விருந்தினர்" என்று பேட்டைக்கே போய் அழைத்துவிட்டும் வந்தாள்.

திரையிடலுக்கு முதல் நாள், ஒலியும் வெளிச்சமும் சரிதானா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டாள். கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தேன். அந்த இடம் வந்தது. அந்த ஆள் வாயசைத்தான். அடியில் எழுத்து ஓடியது: 'உயிரோடுதான் பார்த்தேன். வருவேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னான்.'

எழுத்துப் போட்டவன் தப்பாகப் போட்டிருப்பான் என்றேன். கவிதா இரண்டு மொழியும் தெரிந்தவர் சரிபார்த்தது என்றாள். இது வேறு படமோ என்றேன். கேட்டும் கூரையும் விறகும் அதேதான். என் ஞாபகம்தான் பிசகோ என்று பார்த்தால், 'மண்ணு போட்டேன்' என்ற குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. பழைய செயலாளர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார், போன் போட்டேன். காது மந்தம், ஆனால் அறிவு தெளிவு. "அவன் வருவான்னு அவ காத்திருப்பா, அதானே படமே. சங்கரலிங்கத்துக்கு ரெண்டு தரம் சொன்னேனே" என்றார்.

அப்படியானால் அத்தான் வேண்டுமென்றேதான் மாற்றிச் சொல்லியிருக்கிறார். யாருக்காக? அக்கா கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமலா, தனக்கு அவள் வேண்டும் என்றா? ஒரு நிமிசம் மனுசன் தெய்வமாகத் தெரிந்தார், மறு நிமிசம் திருடனாகத் தெரிந்தார். அவர் போட்டோவுக்கு மாலை போட்டு வருசம்கூட சரியாகத் திரும்பவில்லை, யாரிடம் போய்க் கேட்பது? அதையெல்லாம்விட, அக்கா இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? நாளைக்கு ஒரு வரி எழுத்தைப் படித்துவிட்டு, நான் வாழ்ந்த வாழ்க்கையே பொய்யில் நின்றதா, அந்த முதல் மனுசன் ஒருவேளை வந்தே இருப்பாரோ என்று நினைத்துவிட்டால், வயசான காலத்தில் அவளுக்கு மிச்சமிருக்கிறது என்ன?

மறுநாள் காலையிலேயே பேட்டைக்கு ஓடினேன். அக்கா சேலையைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டுத் தயாராக இருந்தாள். மாடிப்படி ஏற முடியாது உனக்கு என்றேன். ஏறுவேன் என்றாள். அங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது என்றேன். வந்தபிறகு பார்க்கலாம் என்றாள். படம் நன்றாகவே இல்லை என்றேன். "நீ எப்பலே படம் பாத்த?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் படம். அரங்கு நிறைய மாணவர்கள். அக்காவின் கண்ணாடியை மறைத்து வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், அவ்வளவு கேவலமாகப் போய்விட்டது என் புத்தி. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் நெருங்க நெருங்க நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன். எழுத்து ஓடியது. உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முடிந்ததும் கவிதா மைக்கைக் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாள். "படம் நல்லாருந்துது. எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் பேட்டை பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு அடக்க முடியவில்லை. யக்கா, அந்த ஆள் சொன்னதைப் படித்தாயா என்றேன். படித்தேன் என்றாள். அன்றைக்கு அத்தான் மைக்கில் வேறல்லவா சொன்னார் என்றேன். ஆமா என்றாள். மேலப்பாளையத்துக்கும் ஜங்ஷனுக்கும் பஸ் வருகிறது, போகிறது, இவள் சாவகாசமாக நிற்கிறாள்.

"அப்போ உனக்கு முன்னமே தெரியுமா?"

"கடைசியில அவ என்னலே செஞ்சா? புருசன் பூட்சை எடுத்துத் தொடச்சுப் பாலீசு போட்டு, வாசல்ல வச்சாளா இல்லையா? செத்தவன் பூட்சுக்கு எவளாவது பாலீசு போடுவாளா? நான் அங்கன வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவளே சொன்னாள்.

"இந்த மனுசன் படத்துக்குச் சொல்லல, எனக்குச் சொல்லுதாருன்னு தெரிஞ்சுது. அத்தனை பேருக்கு முன்னால மைக்கைப் போட்டுச் சொல்லுதாரு, ஒருத்தருக்கும் தெரியல, எனக்கு மட்டும் தெரியுது. வாசல்ல நிக்காதங்காரு. எங்கம்மா சொல்லல, நீ சொல்லல, ஊர்ல ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லல. சரின்னு போய்க் கழத்திட்டேன்."

அத்தானிடம் இதை ஒரு நாளாவது கேட்டாயா என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"ஆஸ்பத்திரியில கிடக்கும்போது, அந்தக் கேட் படத்துலன்னு ஆரம்பிச்சாரு. பேசாமப் படுங்கன்னுட்டேன். மூச்சு வாங்குதேன்னுதான் அப்படிச் சொன்னேன். பேச விட்டிருக்கலாம்லே. எனக்குத் தெரியும்னு நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை ஏமாத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு பாவி மனுசன்."

அழுதாள். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் பார்க்க, தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தேற்ற எனக்குத் தெரியவில்லை. அத்தான் செய்தது சரியா தப்பா, யார் யாரை ஏமாற்றினார்கள், எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. அத்தான் கடைசிச் சுருளில் ஏன் மைக்கை அணைத்தார் என்பது மட்டும் விளங்கிற்று. அந்தப் பூட்சுக்குச் சொல்ல அவரிடம் பொய் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏலே, நீயும் கேபின்லதானே நின்ன. அந்தப் பூட்சை நீ பாக்கலையா?"

"நான் மூலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா" என்றேன்.